நிறம் மாறினால் சொல்லுங்க

தார்ப்பாய் மடித்தது மடித்தபடி படகின் மூலையில் கிடந்தது. கொண்டுவந்த கேன்களையும் வாளியையும் கீழே வைத்துவிட்டு வெய்க்கோ அதையே பார்த்தான்.

கரையேற்றிய மற்ற படகுகள் எல்லாம் நன்றாகப் போர்த்திக்கொண்டு நின்றன. அண்ணன் தௌனோவின் படகு மட்டும் முட்டுக்கட்டைகளின் மேல் திறந்துபோட்டபடி நின்றது. அக்டோபரில் அதைக் கரையேற்றிய அதே வாரம், ஒரு காலையில் தௌனோ தனியாகக் கரைக்குப் போனார். மத்தியானம் படகுத்துறைப் பலகைகளுக்கு அடியிலிருந்து அவர் உடலைத் தூக்கினார்கள்.

கால் வழுக்கிவிட்டது என்றார் பாதிரியார். தானாகவே கடலில் இறங்கிவிட்டார் என்றார்கள் ஊர்க்கடையில் காபி குடிக்கிறவர்கள். கோடை முழுக்க மனிதர் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர்கள் வாய்க்கு அது போதாதா?

"இன்னிக்கு ராத்திரி மைனஸ் பத்தாம், ரேடியோவுல சொன்னாங்க" என்றாள் அண்ணி இர்மேலி. "உள்ள நிக்கிற தண்ணி உறைஞ்சா இஞ்சின் வெடிச்சிருமாமே. வாங்குறவங்க வர்ற வரைக்குமாவது முழுசா இருக்கட்டும்."

"விக்கவா போறீங்க?"

"பின்னே? சக்களத்திய வீட்டுல வச்சு நானா சோறு போடுவேன்? கல்யாணமான நாள்லேர்ந்து நான் இவ பக்கமே வந்ததில்ல, தெரியுமா?"

சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

அவள் காரின் பின்சீட்டில் கல்லறை மெழுகுவத்திப் பெட்டி பிரிக்காமல் கிடந்ததை வெய்க்கோ வரும்போதே கவனித்திருந்தான். போன வாரம் எல்லாப் புனிதர் நாளன்று கல்லறைத் தோட்டம் முழுக்க விளக்கு எரிந்தது. தௌனோவின் இடம் மட்டும் இருட்டாகவே இருந்தது.

"ஒரு மெழுகுவத்தியாவது ஏத்தியிருக்கலாம், அண்ணி."

"என்னை வேண்டாம்னு போனவருக்கா?" அவள் வெடுக்கென்று திரும்பினாள். "வழுக்கித்தான் விழுந்தாருன்னு தெரிஞ்சா பெட்டியோட ஏத்துவேன். நீ சொல்லு, தம்பி. உனக்கு என்ன தோணுது? என்கிட்ட பூசி மெழுகாத."

சொல்லாமல் இருந்திருக்கலாம். கேட்கிறவளிடம் பொய் சொல்ல வெய்க்கோவுக்கு வாய் வரவில்லை.

"படகு கரையேறின மறுநாளே அண்ணன் இஞ்சினுக்கு உறையாத தண்ணி ஏத்திருவாரு. இல்லேன்னா அவருக்குத் தூக்கமே வராது. வசந்தத்துல மறுபடி கடல்ல இறங்கணும்னு நினைக்கிறவன் செய்யுற முதல் வேலையே அதுதான், அண்ணி. இந்த வருஷம் தார்ப்பாயக்கூட விரிக்கல. இஞ்சின எங்க தொட்டிருக்கப் போறாரு? வசந்தத்தப் பாக்குற எண்ணமே அவருக்கு இல்லேன்னுதான் தோணுது."

இர்மேலி அழவில்லை. கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சரி. நான் என்ன செய்யணும், அதச் சொல்லு."

"பின்னாடி புகைக்குழாய்கிட்ட நில்லுங்க. இஞ்சின் ஓடுறப்ப அதுல தண்ணி கொட்டும். முதல்ல உள்ள நிக்கிற பழைய தண்ணி வரும், அப்புறம் நிறம் மாறும். மாறினதும் கத்துங்க, நிறுத்திடறேன்."

ஏணி வைத்து, கேன்களையும் வாளியையும் ஏற்றிவிட்டுப் படகுக்குள் இறங்கினான். சாவி வழக்கமான ஆணியில் இல்லை. தேடி அலுத்துப்போய்க் குனிந்தபோது இஞ்சினுக்கு அடியில் தென்பட்டது. கடல் தண்ணீர் உள்ளே வரும் குழாயின் திருகை மூடி, அதன் கைப்பிடியில் யாரோ மாட்டியிருந்தார்கள்.

"சாவிய வைக்கிற இடமா இது?" என்று முனகிக்கொண்டே எடுத்தான்.

திருகிலிருந்து குழாயைக் கழற்றி வாளிக்குள் விட்டான். கேனைத் திறந்து, ரோஸ் நிறத்தில் இருந்த அந்த உறையாத தண்ணீரை வாளி நிறைய ஊற்றினான். சாவியைத் திருப்பியதும் இஞ்சின் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. வாளியில் மட்டம் சரசரவென்று இறங்கியது.

"மாறிச்சா, அண்ணி?"

"இல்ல!"

இன்னொரு கேனை ஊற்றினான்.

"இப்ப?"

"அப்படியேதான் இருக்கு!"

கடைசிக் கேனையும் கவிழ்த்தான். அதுவும் உள்ளே போயிற்று. வெளியிலிருந்து அண்ணியின் குரல் வரவில்லை.

வெய்க்கோவுக்குப் பகீரென்றது. இவ்வளவு ஊற்றியும் அந்தப் பக்கம் வரவில்லை என்றால் உள்ளே எங்கோ வெடித்திருக்க வேண்டும். போன வாரம் அடித்த குளிரே வேலையைக் காட்டிவிட்டதா? அண்ணன்தான் போய்விட்டார், அவர் ஆசையாக வைத்திருந்த ஒன்றைக்கூடக் காப்பாற்றத் துப்பில்லாமல் போயிற்றே என்று நினைத்ததும் அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இஞ்சினை நிறுத்தினான். கரை முழுக்க அமைதியாகிவிட்டது.

"நல்லாப் பாருங்க, அண்ணி!" உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினான். "கொஞ்சம்கூடவா நிறம் மாறல?"

"கண்ணு வலிக்கப் பாத்துக்கிட்டுத்தான் நிக்கிறேன்" என்றாள் இர்மேலி கீழேயிருந்து. "முதல் சொட்டுலேர்ந்தே ரோஸாத்தானே வருது, தம்பி."