நான்காவது ஞாயிறு

“பாஸ்டர்கிட்ட யாரோ என்னைப் பத்திச் சொல்லியிருக்காங்க” என்றார் காளியண்ணன்.

அவர் மனைவி ருக்குமணி சேலைக்கு மேல் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டே, என்ன சொல்லியிருப்பார்கள் என்று கேட்டாள். அவர் சட்டைப் பொத்தான்களைப் போடத் தொடங்கினார். சன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவில் பனி இன்னும் விலகவில்லை. ஆராதனைக்கு இருபது நிமிடம் இருந்தது.

காளியண்ணன் அந்தத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணி. ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவர். ஆனால் ஒரு மாதமாக அந்தச் சபை மண்டபத்தில் அவரால் நிம்மதியாக உட்கார முடியவில்லை. பாஸ்டர் ஷாமல் மூன்று வாரமாக ஒரே விஷயத்தைத்தான் பேசினார். காவலுக்கு நிற்கிறவன் ஆபத்தைப் பார்த்தும் சனங்களை எச்சரிக்காமல் விட்டால், செத்தவர்களின் ரத்தத்துக்குக் கடவுள் அவனிடம் பதில் கேட்பார். நியாயத்தீர்ப்பு நாளில் அவன் தலைகுனிந்து நிற்பான்.

முதல் வாரம் தற்செயல் என்று நினைத்தார். இரண்டாவது வாரம் தூக்கம் போயிற்று. மூன்றாவது வாரம் சோறு இறங்கவில்லை.

இன்றும் அதேதான். “பாத்துட்டு வாய மூடிக்கிட்டு இருந்தவன் இந்த மண்டபத்துக்குள்ளதான் இருக்கான்” என்றார் பாஸ்டர். “அவன் இன்னைக்கே மனம் திரும்பணும். நாளைக்கு இருப்போமான்னு யாருக்கும் தெரியாது.”

சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் பாஸ்டர் குனிந்திருக்கிறார் என்று காளியண்ணனுக்குப் பட்டது. கடைசிப் பாட்டுக்கு முன்பே எழுந்து வெளியே வந்தார். தூறலில் நின்றார். மோட்டார் சைக்கிளை முடுக்கினார், அணைத்தார், மறுபடி முடுக்கினார். ருக்குமணி வந்ததும், பக்கத்து வீட்டு அம்சவல்லியோடு போகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

எல்லாரும் போன பிறகு உள்ளே நுழைந்தார். பாஸ்டர் தனியாக நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“உங்ககிட்ட யார் சொன்னா?”

எதை என்று பாஸ்டர் திரும்பிக் கேட்பதற்குள் காளியண்ணன் கொட்டத் தொடங்கிவிட்டார்.

போன நவம்பரில் ஒரு வாரம் விடாமல் மழை. செவ்வாய்க்கிழமை அவர் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஐந்தாவது லயத்துக்கு மேலே உள்ள மேட்டில் ஏறிப் பார்த்தார். மண் நீளமாகப் பிளந்திருந்தது. கால் வைத்தால் உள்ளே போகும். உடனே கீழே ஓடி வந்து எல்லாரையும் வெளியேற்றியிருக்க வேண்டும். ஆனால் அதற்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு பிளவைப் பார்த்துப் பயந்து, எட்டுக் குடும்பங்களைப் பள்ளி மண்டபத்தில் மூன்று நாள் தங்க வைத்திருந்தார். ஒரு பிடி மண்கூடச் சரியவில்லை. மேனேஜர் எல்லார் முன்னாலும் சிரித்தார். சனங்கள் வெகுநாள் அதைச் சொல்லிக் கேலி செய்தார்கள். அதனால் இந்தத் தடவை இன்னும் இரண்டு நாள் பார்ப்போம் என்று பேசாமல் இருந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை விடியும்போது மேடு சரிந்து லயத்தின் மேல் இறங்கியது. கடைசி வீட்டில் இருந்த மணியம்மாவும் அவள் மகள் ரூபினியும் மண்ணில் புதைந்து செத்துப்போனார்கள். விசாரணைக்கு வந்தவர்கள் கேட்டபோது, முன்கூட்டி எந்த அறிகுறியும் இல்லை என்று காளியண்ணன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும், பாஸ்டர். ரெண்டு பேரும் இன்னைக்கு உசுரோட இருந்திருப்பாங்க.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார். இப்போதே தானா ராத்தா டவுனுக்குப் போய் போலீஸில் உண்மையைச் சொல்லப் போகிறார். வேலை போகும். ருக்குமணி வெளியே தலைகாட்ட முடியாது. ஆனாலும் இனி இதைச் சுமக்க அவரால் முடியாது.

“பேர் போனா போகட்டும்லா. நான் மேட்டுல ஏறினத பாத்தது யாருன்னு மட்டும் சொல்லுங்க. அவங்க மேல எனக்குக் கோவம் இல்ல.”

பாஸ்டர் ஷாமல் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்து அதிலேயே உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

“யாரும் சொல்லல, அண்ணே. நீங்க பாத்தது எனக்கு இப்பதான் தெரியும்.”

“அப்ப நாலு வாரமா யாரைச் சொன்னீங்க?”

“அந்த வியாழக்கிழமை நானும் அந்த மேட்டு வழியாத்தான் எறங்கி வந்தேன். பிளவைத் தாண்டித்தான் வந்தேன். கங்காணிக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சேன்.” பாஸ்டர் தலையை நிமிர்த்தவில்லை. “நேரா மணியம்மா வீட்டு வாசல்ல போய் நின்னு, நியாயத்தீர்ப்பு நாளைப் பத்தி அரை மணி நேரம் எச்சரிச்சேன், அண்ணே. அந்தப் பிளவைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல.”