எழுபது வாட்டா, நூற்று முப்பதா?

"நீலப் பெட்டியில இருபது ஜீபி மெமரி. சிவப்பில பதினாறுதான். ஆனால் சிவப்பு எழுபது வாட்டோட நிண்டிடும், நீலத்துக்கு நூற்றி முப்பது வேணும். எங்கட மன்னார்க் கரண்டுக்கு எது தோதுப்படும், தம்பி?"

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இன்றைக்கே வாங்கிக் கம்பியூட்டரில் பூட்டப்போகிறவர் மாதிரிக் கேட்டார் பஸ்தியாம்பிள்ளை. நில அளவைக் கந்தோரில் படம் வரைந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடி அலுமாரிக்கு மேலிருந்த இரண்டு கிராபிக்ஸ் கார்டுப் பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பெரிய கட்டடத்தைத் த்ரீடியில சுழட்டிப் பார்க்கிறதெண்டால் நீலம்தான் சேர். மெமரி ஸ்பீடும் அதுக்குத்தான் கூட," என்றான் கம்பியூட்டர் கடைக்கார நிப்ராஸ், பிளேன்ரீக் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தியபடி. "சாதாரண பிளானுக்குச் சிவப்புக் காணும். சூடும் குறைவு."

மேற்கேயிருந்து அடித்த கச்சான் காற்று கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, சிவப்புப் பெட்டியை அலுமாரியின் விளிம்புவரை இழுத்துப் போயிற்று. நிப்ராஸ் அதை ஒற்றை விரலால் திரும்பத் தள்ளி வைத்தான்.

உண்மையைச் சொன்னால், பஸ்தியாம்பிள்ளையின் வீட்டில் கம்பியூட்டரே கிடையாது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் கனடாவில். காலையில் இந்தக் கடைக் கதிரையில் வந்து குந்தாவிட்டால் அன்றைக்கு அவர் வாய் திறப்பது செபம் சொல்ல மட்டும்தான். அதனால் போனில் தேடிப் படித்து, வரும்போதெல்லாம் புதிதாய் ஒரு கேள்வியைக் கொண்டுவருவார்.

வாங்காத ஆளுக்குக் கடையில் என்ன வேலை என்று நிப்ராஸ் என்றைக்காவது கேட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது. அந்தப் பயம் அவரை விட்டுப் போனதே இல்லை. நிப்ராஸும் தனி ஆள்தான். பிள்ளைகளின் பள்ளிப் படிப்பை விட்டு வர முடியாமல் மனைவியும் அவர்களும் புத்தளத்திலேயே இருந்தார்கள். ஆனாலும் அவனுக்குக் கடை இருக்கிறது, நாலு பேர் வந்து போவார்கள், அவனுக்கென்ன குறை என்றுதான் இவர் நினைத்திருந்தார்.

அன்று உண்மையாகவே வாங்க ஒருத்தி வந்தாள். பக்கத்து ஊரான எருக்கலம்பிட்டிப் பிள்ளை, பெயர் அப்ரா, கட்டடக்கலை படிப்பவள். பெட்டிகளைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"நிப்ராஸ் நானா, இந்த நீலத்தைத் தாங்கோ. ஆஸ்பத்திரி ஒண்டு டிசைன் பண்ணுறன், மாடலைத் திருப்பினாலே என்ர மெஷின் இறுகிப்போகுது. இந்தக் கிழமைக்குள்ள குடுத்து முடிக்கோணும்."

நிப்ராஸ் ஒருதரம் பஸ்தியாம்பிள்ளையைப் பார்த்தான். "அது சேர் பார்த்து வச்சிருக்கிறார், தங்கச்சி. உங்களுக்குக் கொழும்பிலயிருந்து எடுத்துத் தாறன். வெள்ளிக்கிழமை வந்திடும்."

"ஐயோ, வெள்ளி வரைக்கும் பொறுக்கேலாது. சிவப்பையாவது தாங்கோவன்."

"அதையும் சேர்தான் பார்க்கிறார்."

"அப்ப நான் யாழ்ப்பாணத்தில போய்த்தான் தேடோணும்," என்று சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை முகம் வாடிப் படியிறங்கியது.

பஸ்தியாம்பிள்ளை குடித்துக்கொண்டிருந்த தேநீரைப் பாதியில் நிறுத்தினார். தன் பொழுது போவதற்காக ஒரு பிள்ளையின் படிப்பைக் கெடுத்து, கடைக்காரனுடைய வியாபாரத்திலும் மண் போட்டாயிற்று. பெட்டிகள் போனால் இந்தக் கதிரையும் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். நாளைக் காலை வீட்டுச் சுவர்களைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். ஆனாலும் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார்.

"தம்பி, ஓடிப்போய் அந்தப் பிள்ளையைக் கூப்பிடுங்கோ. பஸ் எடுக்க முன்னம் பிடிச்சிடலாம்."

"ஏன் சேர்?"

"நான் வாங்கமாட்டன். ஒருநாளும் வாங்க நினைச்சதில்லை. என்னட்டக் கம்பியூட்டர்கூட இல்லை. கதைக்க ஆளில்லாமல்தான் இவ்வளவு நாளும் வந்தனான். உங்களை ஏமாத்திப்போட்டன், குறை நினைக்காதேங்கோ. பெட்டியை அந்தப் பிள்ளைக்குக் குடுங்கோ, நான் இனி வரமாட்டன்."

நிப்ராஸ் வெளியே ஓடாமல் எழுந்து வந்து, அவருடைய கதிரையை மெல்ல அவர் பக்கமாக இழுத்துப் போட்டான்.

"ரெண்டும் கொம்பனிக்காரன் காட்சிக்குத் தந்த வெறும் பெட்டி, சேர். சொன்னால் நீங்கள் வரமாட்டீங்கள் எண்டுதான் சொல்லேல்ல."