இறாலும் தேசிக்காயும்

செத்த வீட்டு முற்றத்தில் கம்சாயினி கால் வைத்ததும் பேச்சு நின்றது.

“கூடையக் கொண்டரல்லயா புள்ள? நாங்களும் சாக வேணுமே,” என்றாள் பந்தலுக்குள் இருந்த ஒருத்தி.

கம்சாயினி தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள்.

தேற்றாத்தீவில் வாவி இறால் விற்பது அவளுடைய அம்மாதான். செத்துப்போன விதுர்ஷா கடைசியாக வாங்கியதும் அந்தக் கூடையிலிருந்துதான். இறாலும் தேசிக்காய்ப் புளியும் வயிற்றில் சேர்ந்து நஞ்சாகிப் பிள்ளையைக் கொன்றுவிட்டன என்று விதுர்ஷாவின் தாய் கேதீஸ்வரி அழுதாள். அப்படிச் சொல்லும் பழைய மின்னஞ்சல் ஒன்று எப்போதோ சுற்றியதுண்டு. அது இப்போது விதுர்ஷாவின் படத்தோடு மறுபடி கிளம்பியது. பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் பாவம் என்றது. களுவாஞ்சிக்குடி அரசாங்கக் கந்தோர்களுக்கெல்லாம் போனது. கட்டாருக்குப் போய்த் திரும்பியும் வந்தது.

ஒருவரும் இறால் வாங்குவதில்லை. நேற்று யாரோ கூடைக்குள் மண்ணள்ளிப் போட்டிருந்தார்கள்.

கம்சாயினி வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்தவள். எவ்வளவு தின்றாலும் அப்படி நடக்காது என்று ஒரு மறுப்பை எழுதிக் கைபேசியில் வைத்திருந்தாள். ஆனால் அவள் அனுப்பினால், தாயைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்பார்கள். கேதீஸ்வரி ஒரு வார்த்தை சொன்னால் போதும்; அதைக் கேட்கத்தான் வந்திருந்தாள்.

இன்று எட்டாம் நாள் சடங்கு. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்கும் நாள்.

உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. மெல்லத் தள்ளினாள்.

விதுர்ஷாவின் படத்துக்கு முன்னால் வாழையிலை. சோற்றுக்குப் பக்கத்தில் இறால் பொரியல். அதன்மேல் கேதீஸ்வரி தேசிக்காய்ப் பாதியைப் பிழிந்துகொண்டிருந்தாள், விதை விழாமல் விரலிடுக்கில் தடுத்துத் தடுத்து.

இருவரும் பார்த்துக்கொண்டார்கள்.

“அவளுக்குப் புளி கூட வேணும்,” என்றாள் கேதீஸ்வரி. பிறகு குரல் இறங்கியது. “நெல்லு வட்டைக்கு அடிக்க வாங்கி வெச்ச பூச்சிமருந்து, அவள் குடிச்ச வெறும் போத்தல வாவிக்குள்ள எறிஞ்சது நான்தான் புள்ள. சின்ன மகளுக்குப் பேசின கலியாணம் முடியுமட்டும் றாலாலதான் எண்டே இருக்கட்டும்.”

கம்சாயினி கதவை மறுபடி சாத்திவிட்டு வெளியே வந்தாள்.

ஒழுங்கை முடிவில் அம்மா கூடையோடு காத்து நின்றாள். காலையில் பிடித்த இறால் நாறத் தொடங்கியிருந்தது.

“சொல்றன் எண்டாளா?”

கம்சாயினி கைபேசியை எடுத்து, எழுதி வைத்ததை அழித்தாள். கூடையின் மற்றப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“வாங்கம்மா, இதப் புதைச்சிட்டுப் போவம்.”