தனியாகப் போன கோடு

"அக்கா, நீங்க இப்படி ஏமாத்துவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல!"

சைக்கிள் கிளப் செயலாளர் லேப்டாப்பைத் திருப்பி வைத்தார். பத்துத் தலைகள் ஒன்றாக எட்டிப் பார்த்தன.

லாண்டரி அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. நூற்றிருபது கிலோமீட்டர் மிதித்து, எல்லாரும் வந்து இரண்டு மணி நேரம் கழித்து இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தாள். ஹெல்மெட்டைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"நான் என்ன சார் பண்ணேன்?"

"பாருங்க. ஒவ்வொருத்தர் ஜி.பி.எஸ்ஸும் அவங்கவங்க போன வழியைக் கோடு போட்டு வெச்சிருக்கு. பதினோரு கோடு ஒண்ணு மேல ஒண்ணா அழகாப் போகுது. உங்க சிவப்புக் கோடு மட்டும் நடுவுல குறுக்கால போயிருக்கு!"

"ஏமாத்தினதும் ஏமாத்தினீங்க, சீக்கிரமாவது வந்திருக்கலாமில்ல?" என்றார் ஒருவர். சிரிப்பு கிளம்பியது.

அக்காவுக்கு முகம் சுருங்கிப் போனது. இது தேர்வுப் பயணம். முழுசாக முடித்தவர்களுக்குத்தான் அடுத்த மாதம் நடக்கும் பெரிய போட்டியில் இடம். முதல் தடவை செயின் அறுந்தது, இரண்டாம் தடவை காலில் பிடிப்பு. மூன்றாவதும் போனால் பட்டியலில் இருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள். நாள் முழுக்க நின்று இஸ்திரி போடுகிற கால்களை வைத்துக்கொண்டு, கடை திறக்கும் முன்னால் தினமும் விடியலில் மிதித்துப் பழகியவள் அவள்.

"நான் கோட்டை விட்டு விலகவே இல்ல சார். மலை ஏறி இறங்கி வந்தேன். மூணு இடத்துல முடியாம இறங்கித் தள்ளினேன்."

"மலையா? எந்த மலை? நாங்க யாரும் எந்த மலையும் ஏறலையே!" என்றார் அதே ஆள்.

மறுபடி சிரிப்பு.

செயலாளர் திரையில் ஓரிடத்தைத் தட்டினார். "இது என்ன, வால் மாதிரி? அரை கிலோமீட்டர் முன்னாடி போயிருக்கீங்க, உடனே திரும்பி வந்திருக்கீங்க. யாராவது பாக்குறாங்களான்னு நோட்டம் விட்டீங்களா?"

"ஐயோ, இல்ல சார். திருப்பத்தைக் கவனிக்காம தாண்டிட்டேன். ஜி.பி.எஸ் பெட்டி பீப் பீப்னு கத்திச்சு. காலையில நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னார்தான். முந்தின நாள், நேரில் போய்ப் பார்க்காமலே, கம்ப்யூட்டரில் உட்கார்ந்து புள்ளி புள்ளியாக வைத்துப் பாதை போட்டவர் அவர். அதைப் பன்னிரண்டு ஜி.பி.எஸ்ஸிலும் ஏற்றிவிட்டு அரைமணி நேரம் பிரசங்கமே செய்திருந்தார். 'தானா வழி மாத்துறதை எல்லாரும் ஆஃப் பண்ணிடுங்க. ஆன்ல இருந்தா அதுபாட்டுக்குப் புது வழி காட்டி எங்கேயோ இழுத்துட்டுப் போயிடும். ஆஃப்ல இருந்தா கத்தும், அவ்வளவுதான். நீங்கதான் திரும்பி வந்து கோட்டைப் பிடிக்கணும்.'

"அதான் திரும்பி வந்து பிடிச்சேன்" என்றாள் அக்கா.

அவளை அழைத்துப் போக வந்திருந்த கணவர் மெதுவாகத் தோளைத் தொட்டார். "விடு. வா, வீட்டுக்குப் போலாம்."

"நான் வரமாட்டேங்க. இன்னிக்கு எனக்கு இது தெரிஞ்சாகணும்."

அவள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"சார், காலையில நீங்க கொடுத்த பாதை இதுல இருக்குமில்ல? அதையும் இந்தக் கோடுங்க மேல போட்டுக் காட்டுங்க."

"எதுக்கு? பதினோரு பேர் போனது தப்பு, நீங்க ஒருத்தர் போனது சரின்னு சொல்ல வரீங்களா?"

"போட்டுத்தான் பாருங்களேன் சார், என்ன கெட்டுப் போச்சு?" என்றார் பேங்க் கேஷியர். அவர் பதினோரு பேரில் ஒருவர்.

செயலாளர் சலித்துக்கொண்டே பட்டனைத் தட்டினார்.

பச்சையாக ஒரு கோடு விழுந்தது. ஊரைத் தாண்டியது. அந்தத் திருப்பத்தில் திரும்பியது. மலை மேல் வளைந்து வளைந்து ஏறி, இறங்கி, அடி பிசகாமல் சிவப்புக் கோட்டின் மேலேயே போய் உட்கார்ந்தது.

மற்ற பதினோரு கோடுகளும் மலையடிவாரத்துச் சமதளச் சாலையில் ஜாலியாகச் சுற்றிக்கொண்டு போயிருந்தன.



கேஷியர்தான் முதலில் கை தட்டினார். "அக்கா, இன்னிக்குப் பயணம் முடிச்சது நீங்க ஒருத்தர்தான்! நாங்கெல்லாம் சும்மா காத்து வாங்கிட்டு வந்திருக்கோம்!"

மற்றவர்களும் தட்டினார்கள். சற்றுமுன் கிண்டலடித்தவர் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார். 'வீட்டுக்குப் போலாம்' என்ற கணவர் விசிலே அடித்துவிட்டார். அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. மூன்று வருஷத்து ஆசை. அந்த மலை முழுக்க அவளுக்கே சொந்தமானது போல இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அது சரி, நீங்க வழி மாறினப்போ உங்க பெட்டியெல்லாம் கத்தலையா?"

"காது கிழியக் கத்திச்சு அக்கா" என்றார் கேஷியர். "ஆனா முன்னாடி சார் போயிட்டிருந்தார். அவர் பெட்டி மூச்சே விடல. பாதை போட்டவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போகுதுன்னு, நாங்க சத்தத்தை அணைச்சிட்டு அவர் பின்னாலயே போயிட்டோம்."

"சாட்டிலைட் கோளாறா இருக்கும்" என்று முணுமுணுத்த செயலாளர், மேஜை மேல் இருந்த தன் ஜி.பி.எஸ்ஸை எடுக்கக் கை நீட்டினார்.

அக்காவின் கை முந்திக்கொண்டது. இரண்டு பட்டனைத் தட்டிவிட்டு, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி நிறுத்தி நிதானமாகப் படித்தாள்.

"தானாக வழி மாற்றுதல்... ஆன்."