வழித்துணைக்குக் காத்தாயி

"மெட்ராசுக்குத் துணையா உன் கூட்டாளி காத்தாயியா? வேணாம் புள்ள," என்றார் அரியமுத்து. "பெரம்பலூர்ல பஸ் ஏறுறப்ப ஆரம்பிச்சான்னா, அரியலூர்ல ரயில் ஏறுனாலும் வாய மூட மாட்டா. பொன்னாயியக் கூட்டிக்க. அது இருக்குற எடமே தெரியாது."

"பொன்னாயி சரிப்பட மாட்டாங்க," என்றாள் வேம்பு.

"காத்தாயி பேசுனா தலைவலி வந்துடுதுன்னு நீதான சொல்லுவ?"

உண்மைதான். அவள் பேசினால் கேட்பவருக்குத்தான் மூச்சு வாங்கும். வேம்பு கணவரின் தட்டையும் டம்ளரையும் தனித்துணியில் முடிந்து பைக்குள் வைத்தாள்.

"போறப்ப நீங்க இருக்கீங்க. உங்கள டி.பி. ஆஸ்பத்திரியில சேத்துட்டு நான் திரும்பி வர்றப்ப, எதையும் நெனைக்கவே விடாம அவ பேசிக்கிட்டே வரணுங்க."