வா

தட்டு அப்படியே இருந்தது. பால் மேல் ஆடை கட்டிவிட்டது.

அவன் படியில் உட்கார்ந்து நாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அது கேட்டைப் பார்த்தபடி படுத்திருந்தது.

நாக்பூரில் ஆரஞ்சு ஏற்றி வந்த வழியில், எங்கோ அவன் லாரியின் தார்ப்பாய்க்கு அடியில் ஏறியிருக்கிறது. சேலத்தில் சரக்கு இறக்கும்போதுதான் தெரிந்தது. நாமக்கல்லுக்கு, வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டான்.

அவன் ரோட்டில் கிடக்கும் நாளெல்லாம் மனைவி தனியாள். நாயைக் கண்டதும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வா என்றாள். வாடி தங்கம் என்றாள். வந்து ஒரு வாய் குடியேன் என்று கெஞ்சியும் பார்த்தாள். அது திரும்பக்கூட இல்லை. வந்ததிலிருந்து வெறும் தண்ணீர்தான். விலா எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது.

பாவம், அதற்கு வா என்றால் என்னவென்று தெரியுமா? இன்றைக்குத்தான் அவனுக்கு உறைத்தது.

உட்கார்ந்த இடத்திலிருந்தே, வந்த வழியில் பாஷை பாஷையாகத் திரும்பிப் போனான்.

முதலில் பெங்களூரு. கன்னடத்தில் பா. பாரே என்று செல்லமாகவும் சொல்லிப் பார்த்தான்.

காது அசையவில்லை.

கர்னூல். ஹைதராபாத். தெலுங்கில் ரா. ராம்மா.

ஒன்றுமில்லை.

அதற்கு மேலே மராத்தி. அதில் அவனுக்குத் தெரிந்தது சாப்பாடும் டீசலும் நாலு கெட்ட வார்த்தையும்தான். யோசித்து, தாபாவில் சாப்பிடக் கூப்பிடுவது போல "யே" என்றான். நம் ஊரில் ஒருவரை அப்படிக் கூப்பிட்டால் அடிக்க வருவார்கள்.

நாய் எழுந்தது.

ஓடி வந்து அவன் முழங்காலில் முகத்தை வைத்து நடுங்கியது.

மனைவி தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். யே என்றாள் அவளும். அவள் கையிலேயே குடித்தது. ஒரு சொட்டு மீதி வைக்கவில்லை.

அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனி இது நம் வீட்டு நாய் என்றான்.

அவள் அதன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"ஏனுங்க, அங்க ஒருத்தி இன்னமும் இப்படியே கூப்பிட்டுட்டு நிப்பாளுங்க."

அவன் வந்த வழியை யோசித்துப் பார்த்தான். லோடு ஏற்றிய பிறகு மராத்தி பேசும் ஊரில் அவன் வண்டியை நிறுத்தியது ஒரே ஒரு தாபாவில்தான். அங்கேதான் ஏறியிருக்க வேண்டும்.

அடுத்த நாக்பூர் லோடுக்குக் கிளம்பும்போது, அவளே நாயைத் தூக்கிக் கேபினில் உட்கார வைத்தாள். கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

போ என்று சொல்ல வாய் வரவில்லை.

"போயிட்டு வா" என்றாள், தமிழிலேயே.