சம்பந்தி இலையில் நின்ற ரோபோ

கல்யாணப் பந்தியில், பாயச வாளியோடு மாப்பிள்ளையின் அப்பா கனகசபாபதியின் இலைக்கு முன்னால் வந்த ரோபோ, ஊற்றாமல் சிலையாக நின்றது. தன்னை அவமதித்துவிட்டார்கள் என்று கனகசபாபதி எழுந்து, கிளம்பச் செருப்பைத் தேடினார்.

“நெட் போச்சு சார். நெட்வொர்க்கை கெர்னல்ல, அதான் மூளைக்குள்ளேயே வச்சிருக்கு. அது விழுந்தா ஆளே விழுந்த மாதிரிதான்,” என்றான் சமையல் கான்ட்ராக்டர் தணிகை.

“அதை வெளியில எடுத்து வைப்பா! சம்பந்தி கிளம்பிட்டா என் பொண்ணு கதி?” என்றார் பெண்ணின் அப்பா.

தணிகை நெட்வொர்க்கை மூளையிலிருந்து பிரித்து, போனில் இருப்பது போன்ற ஒரு தனி ஆப்பாக ஓடவிட்டான். சம்பந்தியைக் கெஞ்சி உட்கார வைத்தார்கள். மறுபடி நெட் போனது. இம்முறை ரோபோ நிற்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தது. தணிகை போனில் அழுத்திய ‘போதும்’தான் அதற்குப் போய்ச் சேரவில்லை. ஏழாவது கரண்டி சம்பந்தியின் வேட்டியில் வழிந்தது.

தணிகை ரோபோவை அணைக்க ஓடினான்.

“தொடாதே!” என்றார் சம்பந்தி, கண் கலங்க. “இந்த வீட்ல இவன் ஒருத்தன்தான்யா மரியாதை தெரிஞ்சவன்.”